ஒரு தொழிற்சாலை, இரண்டு மேசைகள்

வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீடு இன்று எமது பங்குகளில் அருமை. மகன் பாரிசில், மருமகள் தொறொன்ரோவில், பெறாமகன் டோகாவில் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் உண்டு. அங்கே அவருக்கு என்ன வேலை, என்ன சம்பளம், விடிய எத்தனை மணிக்கு எழும்புகிறார், கோவில் கிட்டவா தூரமா என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் வாசகர்களே, ஒன்று கேட்கிறேன். நாளுக்கு எட்டு மணித்தியாலம் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் யார்? அவர் பெயர் என்ன? அவருக்குப் பிள்ளைகள் உண்டா? உங்களுக்குத் தெரியாதிருப்பது குற்றமில்லை. உங்கள் மகனுக்கும் தெரியாதென்றால் அதைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும்.

உழைக்கப் போன நாட்டில், உடன் உழைக்கும் அந்நியருடன் கூடிப் பழகுவது எமது விருப்பத்தைப் பொறுத்த காரியமா, அல்லது அது ஒரு கடமையா? விருப்பம் என்றே நான் வெகு காலம் நினைத்திருந்தேன். அப்படி நினைத்த பத்து ஆண்டுகளின் கதையைச் சொல்லாமல் இக்கேள்விக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியாது.

1987-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நோர்வேயின் வடகோடியான பின்மார்க் மாகாணத்தில் ஒரு மீன்பிடி ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்நாட்களில் வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹொனிங்ஸ்வோக் முதலிய வடகரை ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை. தென்பகுதி நோர்வேயர் அந்தக் குளிருக்கும் இருளுக்கும் வர விரும்புவதில்லை. படிக்க வந்தவர்களும் அகதிகளாக வந்தவர்களுமான எமது இளைஞர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் அங்கே ஜனவரிப் பிற்பகுதியில்தான் மறுபடி தலைகாட்டும். நீண்ட மேசையில் கொட் மீன் வந்துகொண்டேயிருக்கும்; வெள்ளை இறப்பர்ச் சப்பாத்தும் ஏப்பிரனும் அணிந்து, கத்தியும் கையுமாக நின்று முள்ளை எடுத்து அனுப்ப வேண்டும். கரையூரிலும் பாசையூரிலும் மீனோடு பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட அந்தக் குளிரில் விரல் மரத்துவிடும்.

எட்டு மணித்தியால வேலை நாளில் அரை மணித்தியாலமாவது இடைவேளை கொடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பதினொரு மணிக்கு மணி அடிக்கும். எல்லோரும் ஓர் அறைக்குப் போவோம். நோர்வேயர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பாண் துண்டுகளைப் பிரிப்பார்கள்; துண்டுக்கும் துண்டுக்கும் இடையே மெல்லிய தாள், மேலே இனிப்பான மண்ணிறப் பாற்கட்டி. பிளாஸ்கில் கறுப்புக் கோப்பி. தொழிற்சாலை முகாமையாளரும் தரை கழுவுபவரும் ஒரே மேசையில் அதே பாணைத்தான் சாப்பிடுவார்கள். 'சேர்' இல்லை, 'ஐயா' இல்லை. எல்லோருக்கும் வெறும் பெயர்தான்.

முதல் மாரி முழுவதும் அந்தத் தொழிற்சாலையில் நான் ஒருவனே தமிழன். எனக்கு அடுத்து நின்றவர் ஐம்பத்தைந்து வயதை அண்டிய ஒரு நோர்வேயர். கத்தி தீட்ட அவர்தான் பழக்கினார். பாஷை தெரியாத எனக்குப் பால் பெட்டியின் மேல் பேனையால் படம் கீறி ஒவ்வொரு மீனின் பெயரையும் சொல்லித் தந்தார். உங்கள் பாஷையில் இதற்கு என்ன பெயர் என்று ஒருநாள் கேட்டார். 'மீன்' என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். நோர்வே பாஷையில் 'மீன்' என்றால் 'என்னுடையது' என்று பொருள். உச்சரிப்பும் ஏறக்குறைய அதேதான். அன்று தொடக்கம் பெரிய கொட் ஒன்று வந்தால் அதைத் தூக்கிப் பிடித்து "மீன்!" என்பார். நானும் "மீன்!" என்று பிடித்து இழுப்பேன். பகிடி பெரிய பகிடியல்ல. ஆனால் சூரியன் இல்லாத இரண்டு மாதத்தில் மனிதன் அப்படிப்பட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் வாழ்கிறான்.

மறு ஆண்டு எம்மவர் ஆறு பேர் வந்தார்கள். பிறகு பத்து, பிறகு இருபது. யன்னல் ஓரமாகக் கிடந்த மற்ற மேசையில் அவர்கள் உட்கார்ந்தார்கள். சோறும் மீன் குழம்பும் சூடாக்கும் வாசனை, எங்கள் பாஷை, ஊர்ப் புதினம். ஒருநாள் நான் வழமை போல என் இடத்துக்குக் கோப்பையோடு போகிறபோது, "இஞ்சாலை வாங்கோ அண்ணை, அங்கை என்ன வெள்ளையளோடை?" என்று ஒரு பெடியன் கூப்பிட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் திரும்பி அவர்களுடைய மேசைக்குப் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரோடும் எனக்குச் சண்டையில்லை. அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் நான் அந்தப் பழைய இடத்தில் உட்காரவில்லை.

இது ஒரு சிறிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஞாயிறு பூசையில் கலாத்தியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தைப் பற்றிக் குருவானவர் விளக்கியபோதுதான் எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அந்தியோக்கியாவில் இராயப்பர் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து தம் இனத்தவர் சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினர், பர்னபாவே விலகினார். சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இராயப்பர் தம் விசுவாசத்தை மாற்றவில்லை. புறவினத்தாரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. இருந்த இடத்தைத்தான் மாற்றினார். அதுவும் புறவினத்தாருக்குப் பயந்தல்ல, தம்மவருக்குப் பயந்து. திருச்சபையின் முதல் தலைவரையே இந்தப் பயம் எழுப்பிவிட்டதென்றால், 'சங்கதி என்னவாம், ஆள் வெள்ளையனாகிவிட்டானோ?' என்ற ஒரு நக்கலுக்கு நாம் எழும்பிப் போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் சின்னப்பர் அதைச் சிறிய விஷயமாக எடுக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த நோர்வேயர் என்னை மூன்று தரம் தம் வீட்டுக்கு அழைத்தார். சனிக்கிழமைகளில் அங்கே பல வீடுகளில் அரிசிக் கஞ்சி காய்ச்சுவார்கள். பாலில் வேகவைத்து, மேலே கறுவாத்தூளும் சீனியும் தூவி, நடுவில் ஒரு துண்டு பட்டர் வைப்பார்கள். எங்களுடைய பாற்கஞ்சிக்குத் தூரத்து உறவு. 'உங்கள் நாட்டில் அரிசிதானே சாப்பாடு, வா' என்று அழைத்தார். நான் 'வேண்டாம், நன்றி' என்றேன். அடுத்த மாதம் அழைத்தார், அதே மறுமொழி. மூன்றாம் முறையும் அதே. நாலாம் முறை அவர் அழைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் முதல் 'வேண்டாம்' மறுப்பல்ல, அது மரியாதை. வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் 'வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்' என்பார். அதைக் கேட்டு நாம் பேசாமல் இருந்துவிட்டால் அவர் ஆயுள் முழுதும் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லித் திரிவார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வற்புறுத்த வேண்டும். அதற்குப் பிறகு 'சரி, உங்களுக்காக' என்று குடிப்பார். நோர்வேயில் 'வேண்டாம்' என்றால் வேண்டாம். ஒருவர் மறுத்தபின் வற்புறுத்துவது அவருடைய சுதந்திரத்தில் கை வைப்பதாக அவர்கள் கருதுகிறார்கள். என்னை மூன்று முறை கேட்டதே அவரது வழக்கத்துக்கு மிஞ்சிய அன்பு. அவர் தம் ஊர் மரியாதைப்படி கேட்பதை நிறுத்தினார். நானோ என் ஊர் மரியாதைப்படி இன்னொரு முறை கேட்பார் என்று காத்திருந்தேன். 'பார்த்தாயா, இவர்களுடைய அன்பு இவ்வளவுதான்' என்று எங்கள் மேசையில் இருந்து நான் சொல்லியும் இருக்கிறேன்.

பெயர் விஷயமும் இப்படித்தான். தகப்பன் வயதான ஒருவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு எழும்பவில்லை. 'அண்ணை', 'ஐயா' என்று அவரது பாஷையில் சொல்ல வழியுமில்லை. ஆகவே நான் அவரை ஒன்றுமே கூப்பிடவில்லை. மரியாதையால் வந்த மௌனம் அது. ஆனால் பத்து ஆண்டுகள் தம் பெயரை ஒருமுறைகூடச் சொல்லாத ஒருவனைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார்?

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1225-இல் இருந்து 1274 வரை வாழ்ந்த புனித அக்குவீனாஸ் தோமையார் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். பிறரோடு இன்முகமாகப் பழகுதல் என்னும் புண்ணியத்தை அவர் நீதி என்ற பெரும் புண்ணியத்தின் கிளைகளில் ஒன்றாக வைக்கிறார். இரக்கத்தின் கீழோ தயாளத்தின் கீழோ வைக்கவில்லை. மனிதன் இயல்பாகவே கூடி வாழப் பிறந்தவன். உண்மை பேசாவிட்டால் சமூக வாழ்வு எப்படி நிலைக்காதோ, அப்படியே ஒருவர் முகம் ஒருவருக்கு மகிழ்ச்சி தராவிட்டாலும் நிலைக்காது என்பது அவருடைய நியாயம். ஆகவே இது ஒரு கடன். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அறவிடக்கூடிய கடனல்ல, ஆனாலும் கடன். அதேவேளை எல்லோரோடும் உயிர்நட்புக் கொள்ளும்படி அவர் கேட்கவில்லை. நெருங்கிய நண்பனுக்குக் காட்டும் உரிமையை அந்நியனுக்குக் காட்ட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். அவர் கேட்பது வெளிப்பழக்கத்தில் ஒரு மனிதனுக்கு மனிதன் கொடுக்க வேண்டியதை.

இதை வாசித்தபோது எனது கணக்கே மாறியது. சம்பளம் வாங்கினேன், அதற்கு நேர்மையாக வேலை செய்தேன், யாருக்கும் ஒரு சதம் பாக்கியில்லை என்று இறுமாந்திருந்தேன். கத்தி தீட்டப் பழக்கியவருக்கு ஒரு கோப்பைக் கஞ்சி குடிக்கப் போகும் கடன் பாக்கியிருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். உப்பிட வந்தவரை உப்பிட விடாமலே தடுத்தால் நினைக்க வேண்டிய தேவையும் இல்லாமற் போகிறது; அது ஒரு கெட்டித்தனம்.

இங்கே நீங்கள் குறுக்கிட்டு, 'குடி?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எமது கரையோரக் கிராமங்களில் குடி என்ன செய்திருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய் குளிரைவிடப் போத்தலுக்கே அதிகம் பயப்படுகிறாள். நோர்வேயில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்தே வேலைத்தலங்களில் 'யூலபூர்' எனப்படும் நத்தார் விருந்து தொடங்கிவிடும். பன்றி விலா, உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலா, காரநீரில் ஊறிய கொட் மீன் என்று மேசை நிறையும். கூடவே பியரும் அக்கவிட் என்ற காரமான குடிவகையும். ஆண்டு முழுவதும் வாய் திறக்காத மனிதர் அந்த ஓர் இரவில்தான் திறப்பார். தன் மனைவியின் நோயைப் பற்றியும், கடலில் போன தம்பியைப் பற்றியும் அன்றுதான் சொல்வார். சிலர் அளவு மீறிப் போவதும் உண்மை. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

எம்மில் பலர் அந்த விருந்துக்குப் போகாமல் இருக்கப் பொய் சொன்னோம். 'வைத்தியர் குடிக்கக் கூடாதென்றார்' என்று நான் ஒரு வருடம் சொன்னேன். மறுநாளே மூன்று பேர் வந்து என்ன வருத்தம் என்று கவலையோடு விசாரித்தார்கள். ஈரலில் ஒரு கோளாறு என்றேன். அடுத்த வருடம் அந்த ஈரல் இன்னும் சுகமாகவில்லையா என்று ஒரு பெண் கேட்டாள். தோமையார் உண்மையையும் இன்முகத்தையும் ஏன் ஒரே தராசில் வைத்தார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டு கடனையும் ஒரே வசனத்தில் ஏமாற்றிவிட்டேன்.

அந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குடிக்காதவனை நோர்வேயர் அதிசயப் பிராணியாகப் பார்ப்பதில்லை. மதுவிலக்கு இயக்கம் அந்நாட்டில் வலுவாக வேரூன்றியது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1916-இல் சாராய வகைகள் தடை செய்யப்பட்டன. 1919-இல் மக்களே வாக்களித்து அத்தடையை உறுதி செய்தார்கள். 1926-இல் இன்னொரு வாக்கெடுப்பின் பின்பே அது நீங்கியது. இன்றும் கடும் குடிவகைகளை அரசாங்கக் கடையில்தான் வாங்கலாம். வடபகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் லெஸ்தாடியூஸ் என்ற போதகர் தொடக்கிவைத்த மறுமலர்ச்சியைப் பின்பற்றும் குடும்பங்கள் மதுவைத் தொடுவதேயில்லை. எங்கள் தொழிற்சாலையிலேயே அப்படி இருவர் இருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் விருந்துக்கு வந்து தண்ணீரும் சோடாவும் குடித்து, எல்லோருடனும் பாடி, பத்து மணிக்கு எழும்பிப் போனார்கள். நாம் அவர்களைக் கவனிக்கவேயில்லை, ஏனென்றால் நாம் அங்கே போகவில்லை.

தானியேலை நினைத்துப் பாருங்கள். பாபிலோனிய அரசனின் உணவும் இரசமும் வேண்டாம் என்றார். மரக்கறியும் தண்ணீரும் கேட்டார். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றார். மறுத்ததை அதிகாரியிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதே அரண்மனையில் அதே மனிதரோடு தொடர்ந்து பணியாற்றினார். கிண்ணத்தை மறுத்தாரே ஒழிய மனிதரை மறுக்கவில்லை. எமக்கோ இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. கிண்ணத்தை மறுப்பதற்காக மனிதனை மறுத்தோம். சிலவேளை, உண்மையைச் சொன்னால், மனிதனை மறுப்பதற்குக் கிண்ணத்தைச் சாட்டாகப் பிடித்தோம்.

மறுபக்கத்தில் வேறொரு தவறு இருக்கிறது. அவர்களில் ஒருவனாகிவிட வேண்டும் என்ற ஆசையில், அவர்கள் இரண்டு குடித்தால் நாலு குடிப்பவன். எம்மவரைப் பற்றி யாராவது பகிடி விட்டால் முந்திக்கொண்டு சிரிப்பவன். பெண்களைப் பற்றிய அசிங்கக் கதைக்குத் தலையாட்டுபவன். தோமையார் இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்: முகத்துதி. இன்முகத்துக்கு எதிரான பாவங்களில் அதுவும் ஒன்று. அவனுக்கு அந்த மேசையில் ஓர் இடம் கிடைக்கும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது அவனல்ல. வெறுக்கப்படாமல் இருப்பதற்காக அவன் வாடகைக்கு எடுத்த முகம். கொரிந்தியருக்குச் சின்னப்பர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த நிதானம் இதுதான்: விசுவாசியாத ஒருவர் உங்களை விருந்துக்கு அழைத்து, உங்களுக்குப் போக விருப்பமிருந்தால், போய் வைத்ததை உண்ணுங்கள் என்கிறார். விருப்பமிருந்தால் என்ற அந்தச் சொல்லை அவர் விட்டுவிடவில்லை. அதே நிருபத்தில், தம் உணவு ஒரு சகோதரனுக்கு இடறலாகுமானால் இறைச்சியையே தொடமாட்டேன் என்றும் சொல்கிறார். போவதும் போகாததும் மற்ற மனிதனின் நன்மையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

பெண்களின் விஷயத்தில் எமது சமூகம் இன்னும் நேர்மையாகப் பேசவில்லை. அந்த விருந்துகளுக்குப் பெரும்பாலும் கணவன் மனைவியாக அழைப்பதில்லை. வேலை செய்பவரை மட்டுமே அழைப்பார்கள். கணவன் போகலாம், 'வேலையிடத்து மரியாதை'. மனைவி போவதென்றால் வீட்டில் பெரிய விசாரணை. முதியோர் இல்லத்தில் எமது பெண்கள் பத்து, பதினைந்து வருடம் ஒன்றாக வேலை செய்த தோழிகளின் பிரிவுபசாரத்துக்குக்கூடப் போகாமல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்திருக்கிறார்கள். அவளுக்கு விருப்பமில்லையென்றால் அது வேறு. அவளுடைய விருப்பத்தைக் கேட்காமல் பொய்யை மட்டும் சொல்ல வைப்பவர் அந்தப் பொய்க்குப் பங்காளி.

காசும் ஒரு நியாயமான காரணம்தான். சீட்டுக் கட்ட வேண்டும், தங்கையின் கலியாணம், முகவருக்குக் கொடுத்த கடன். இவற்றோடு இருப்பவனிடம் வெள்ளிக்கிழமை மாலை பியர்ச்சாலைக்கு வா என்றால் அவன் என்ன செய்வான்? இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மத்திய கிழக்கில் ஒரு வீட்டுக்குள் பணிப்பெண்ணாக அடைபட்டு, கடவுச்சீட்டும் கையில் இல்லாமல் இருப்பவளிடம் 'எல்லோரோடும் பழகு' என்று உபதேசிப்பது கொடுமை. நான் எழுதுவது, போவதற்குக் காலும் சொல்வதற்கு வாயும் உள்ளவர்களைப் பற்றி.

அவர்கள் பக்கம் குற்றமே இல்லையா என்று கேட்டால், உண்டு. அந்த அறையில் இரண்டு மேசைகள் உண்டானபோது அவர்களில் ஒருவராவது தம் பாணை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்ததில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தாலும் நின்றுகொண்டு போகிற மக்கள் அவர்கள். எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிய சிலரும் இருந்தார்கள். அவர்களைத் திருத்துவது என் வேலையாக இருக்கவில்லை. ஆனால் என்னை அழைத்தவர் அந்தச் சிலரில் ஒருவரல்ல. நான் மறுத்தது அவரைத்தான்.

ஒரு தமிழன் அந்த மேசையில் உட்கார்ந்தால் என்ன வரும் என்பதற்கு எமது சொந்தக் கரையிலேயே ஒரு சாட்சி உண்டு. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956-இல் நோர்வேக்குப் போனார். அங்கு எம்மவர் மேசை என்று ஒன்று இருக்கவில்லை. அவர்தான் முதல் ஆள். அந்நாட்டு மக்களோடு கலந்து, அங்கேயே மணம் முடித்து, அங்கு கிடைத்த நண்பர்களோடு சேர்ந்து 1967-இல் சீநோர் நிறுவனத்தைத் தொடக்கினார். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் வழியாக வந்தவை. எத்தனை குடும்பங்கள் அதில் சோறு தின்றன என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். இலாபம் வரும் என்பதற்காகப் பழகுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. இலாபத்துக்காகப் பழகுவதை ஆள் கண்டுபிடித்துவிடுவான். முதல் ஆளாகப் போன ஒருவருக்கு எழும்பிப் போக இரண்டாம் மேசை இல்லாதிருந்தது எவ்வளவு பெரிய கொடை என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

1997-இல் நான் ஒஸ்லோவுக்கு மாறினேன். எம்மவர் பலரும் அப்படித்தான் வடக்கை விட்டுத் தெற்கே போனார்கள். கடைசி நாள் பதினொரு மணிக்குக் கோப்பையை எடுத்துக்கொண்டு பழைய மேசைக்குப் போனேன். கால் கூசியது. அவர் பிளாஸ்கைச் சற்று நகர்த்தி வைத்தார். நானும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் சோற்றுக்கு மேல் கிடந்த துண்டைச் சுட்டிக் காட்டி, "மீன்?" என்றார். பத்து வருடத்துக்கு முன் சொல்லிக் கொடுத்த ஒரேயொரு சொல். அவர் இன்று உயிருடன் இருந்தால் தொண்ணூறைக் கடந்திருப்பார்.

இதை வாசிக்கும் தாய் தகப்பன்மாரிடம் ஒரு வேண்டுகோள். இப்போது பிள்ளைகளோடு முகம் பார்த்தே கதைக்கிறீர்கள். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டனி என்று கேட்கிறீர்கள். ஆரோடை சாப்பிட்டனி என்றும் ஒருமுறை கேளுங்கள். 1994-இல் என் தாயார் கொழும்பில் உறவினர் வீட்டில் வந்து நின்றபோது, நெடு நாளைக்குப் பின் கிடைத்த ரெலிபோனில் என்னிடம் அப்படிக் கேட்டார். "வெள்ளைக்காறர் உன்னோடை வாரப்பாடோ? ஆரும் வீட்டுக்குக் கூப்பிடுறவையோ?" என்றார். லைன் சரியில்லை அம்மா, ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போனேன்.